இழப்பீட்டு மனு, எண் 217

நீல நாடா கட்டி வந்தது மனு.
சர் லூசியஸ் ஹெவெட்சன், கில்வாரன் மாளிகை.
எரிந்தது: இருபத்தொன்று, ஜூன் ஒன்பது, இரவு.
பதினோரு பக்கம்.
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து,
வேட்டை நாய் வாலைத் தூக்கியதுபோல.

டப்ளினில், மூன்றாம் மாடியில் என் மேசை.
ஜன்னலுக்கு வெளியே நிலக்கரிப் புகை, கடற்காகங்கள்.
வேலை எளிதுதான்:
கேட்டதில் பாதியை வெட்ட வேண்டும்,
வெட்டியதற்குக் காரணம் எழுத வேண்டும்,
சிவப்பு மையில்.

எனக்குத் தெரிந்த வீடு என்று
யாரிடமும் சொல்லவில்லை.

முதல் பக்கம் மூதாதையர்.
எண்ணெய் ஓவியம் ஒன்பது.
நீதிபதி ஒருவர், பிஷப் ஒருவர்,
பார்லிமெண்டில் முப்பது வருடம் உட்கார்ந்து
ஒரே ஒரு முறை வாய் திறந்தவர் ஒருவர்:
காற்று வருகிறது, கதவைச் சாத்துங்கள்.
வரைந்தவர் பெயர் தெரியாது. நானூறு பவுண்டு.
பெயரில்லாதவன் வரைந்த பெயருள்ளவர்கள்.
இருநூறு போட்டேன்.

வந்தவர்கள் கால் மணி நேரம் கொடுத்தார்களாம்.
மரியாதையாகவே நடந்துகொண்டார்கள் என்று
சீமாட்டி லெட்டீஷியா தனித்தாளில் எழுதியிருக்கிறாள்.
ஒருவன் தொப்பியைக் கழற்றினானாம்,
பெட்ரோல் டின்னைக் கீழே வைத்துவிட்டு.
அந்தக் கால் மணியில் அவள் வெளியே கொண்டுவந்தது
ஒரு குடை, காலியான கிளிக்கூண்டு,
இடது கைக்கு மட்டும் ஒரு கையுறை.
சர் லூசியஸ் கொண்டுவந்தது
அவருடைய பன்றிக்குப் பரிசாகக் கிடைத்த வெள்ளிக் கோப்பை.

எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம் என்பார்கள்.
எரிவது சொந்த வீடானால்
எதைப் பிடுங்குவதென்று கைக்குத் தெரிவதில்லை.

ஆறாம் பக்கம், பியானோ. நூற்றிருபது பவுண்டு.
முற்றிலும் சாம்பல் என்கிறது மனு.

சாம்பல் இல்லை.
ஃபெலிம் காஃப்னியின் மாட்டுக்கொட்டிலில் நிற்கிறது.
தீ மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தபோது
தோட்டத்துக் கண்ணாடிக் கதவு வழியாக
நான்கு பேர் தூக்கி வந்தார்கள்.
அதன்மேல் கோழிகள் அடைகின்றன.
ஞாயிறு மாலை அவன் மகள் கோழிகளை விரட்டிவிட்டு
ஒற்றை விரலால் தட்டுகிறாள், மாடுகள் கேட்கின்றன.
உள்ளதை எழுதினால் கொட்டிலுக்கு வண்டி போகும்.
எழுதாவிட்டால் சர் லூசியஸுக்கு நூற்றிருபது.
பேனா வெகுநேரம் மைக்கூட்டிலேயே நின்றது.
பழைய பியானோ, ஈரத்தில் சுருதி கெட்டது,
முப்பது.

ஒன்பதாம் பக்கம், கடைசி வரி.
வேலையாட்களை அழைக்கும் மணிகள், பித்தளை, சுருள்வில்லோடு,
சமையலறைத் தாழ்வாரம். பதினேழு.
தலா நாலு ஷில்லிங்.

அட்ராக்டா, என் அக்கா,
பதினாலு வயதில் அந்தத் தாழ்வாரத்துக்குப் போனாள்.
நிமிர்ந்து பார்க்காமலே எந்த அறை என்று சொல்வாளாம்.
நூலக மணி இருமும். சீமாட்டியின் மணி
கூப்பிட்டபின்னும் நடுங்கிக்கொண்டிருக்கும்.
நீல அறை மணி மட்டும் மெல்ல,
யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல.
விருந்தாளிகளின் அறை அது:
தேர்தலுக்கு நிற்பவர்கள், குதிரைப்படை அதிகாரிகள்,
மதுவிலக்கைப் பற்றிப் பேசப் போகும் கனவான்கள்.
ஒரு செப்டம்பரில் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.
அம்மா தேநீர் கொடுத்தாள். அப்பா கணப்பைக் கிளறினார்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
நானும்தான்.

இப்போது பாஸ்டனில் இருக்கிறாள்.
வாசல் மணியைப் பிடுங்கிவிட்டாளாம்.
வருகிறவர்கள் கதவைத் தட்டுகிறார்கள்.

கேட்டதைவிடக் கூட்டிக் கொடுக்க விதியில்லை.
வெட்டவும் மனம் வரவில்லை.
பதினேழு மணி, மூன்று பவுண்டு எட்டு ஷில்லிங்,
அப்படியே விட்டேன்.
காரணம் எழுதும் கட்டத்தில்
சிவப்பு மை ஒரு புள்ளியாகச் சொட்டியிருந்தது.
அதையும் ஒற்றவில்லை.

உள்ளறையில் மேலாளர் மேசைமணியைத் தட்டினார்.
கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே
எழுந்தேன்.